‘நான் யாருன்னு தெரியுதா?’

சென்ற வாரம் என் மனைவியின் சித்தப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

காரணம், ஒரு தாள். ஏ-ஃபோர் அளவு. தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் நானே ஒட்டியது. வரி கோணக்கூடாது என்று ஸ்கேல் வைத்து பென்சிலில் கோடு போட்டு, அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன்.

‘பார்க்க வருகிறவர்கள் கவனத்துக்கு: நான் யாருன்னு தெரியுதா என்று கேட்காதீர்கள். உங்கள் பெயர், ஊர், உறவு மூன்றையும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.’

அவ்வளவுதான். இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இருக்கிறது என்கிறார் சித்தப்பா. அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தத் தாள் ஏன் ஒட்டப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும்.

கட்டிலில் படுத்திருந்தவர் என் மாமனார். பெயர் மாதையன். எழுபத்தாறு வயது. மாரண்டஹள்ளிப் பக்கம் ஓர் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவது, தெருத் தெருவாக வால்வைத் திறந்து தண்ணீர் விடுவது, சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. மாமியார் காலமாகிவிட்டார். ஒரே மகள் சுமதி, என் மனைவி.

போன வருடம் அவர் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. இதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று என் டைரியில் எழுதியிருக்கிறேன்... ‘எல்லாம் சரி.’

மறுநாள் சாயங்காலம் எல்லாம் தவறு.

கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பிடுங்கினார். வால்வை மூடுங்கடா, தண்ணி வீணாப் போவுது என்று சத்தம் போட்டார். சுமதியை, இறந்துபோன தன் அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல, சாப்பிட்டியாம்மா என்று மகளைக் கேட்டார். அடுத்த கால் மணியில் மறுபடியும் வால்வு.

டாக்டர் வந்து பார்த்தார். இதற்கு டெலிரியம் என்று பெயர் என்றார். வயதானவர்களுக்கு ஆபரேஷன், காய்ச்சல், நோய்த்தொற்று என்று உடம்பு தடுமாறும்போது மூளையும் திடீரென்று குழம்பிப்போகும். ஒரே நாளில் வரும், கூடும், குறையும். பைத்தியம் இல்லை. மறதி நோயும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று பொறுமையாகத்தான் விளக்கினார்.

நாங்கள் கேட்டோமா? தலையை ஆட்டினோம். ஆட்டிவிட்டு, மாமாவுக்குப் புத்தி மாறிவிட்டது என்று ஊருக்குப் போன் போட்டோம்.

அடுத்த நாள் காலையிலிருந்து சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் முதலில் என்ன கேட்பார்கள்? வலிக்கிறதா என்றா? தூங்கினீர்களா என்றா? இல்லை. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, முகத்தை முகத்துக்கு நேரே கொண்டுபோய் — நான் யாருன்னு தெரியுதா?

அன்று ஒரே பகலில் இந்தக் கேள்வியை அவர் பத்தொன்பது முறை எதிர்கொண்டார். எண்ணியது நான்தான், அது என் கெட்ட பழக்கம். ஒருவர் தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டி, அப்போ இது யாரு என்று துணைக் கேள்வியும் கேட்டார். மாமா பதில் சொல்லாமல் விழித்தால், வந்தவர் நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். ஃபெயில்.

பரீட்சையில் பத்தொன்பது முறை ஃபெயில் ஆனால் தெளிவாக இருக்கிறவனுக்கே கிறுகிறுத்துப் போகும். அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று சாயங்காலம் இன்னும் அதிகமாகத் திமிறினார். டியூட்டியில் இருந்தவர்கள் பேண்டேஜ் துணியால் அவருடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். விழுந்துவிடுவார், ஊசியைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம். குறை சொல்ல முடியாது. நாங்களும்தான் சரி என்றோம். சுமதி வராந்தாவில் போய் நின்றுகொண்டாள்.

அப்போது அந்த வார்டில் செல்வராணி என்று ஒரு சிஸ்டர் இருந்தார். பென்னாகரத்துக்காரர். நேராகப் பேசுகிறவர். என்னைக் கூப்பிட்டு, அய்யா கண்ணாடி போடுவாரா என்று கேட்டார்.

போடுவார், காது மிஷினும் உண்டு, பல் செட்டும் உண்டு என்றேன். எல்லாம் எங்கே என்றார். நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஆஸ்பத்திரியில் தொலைந்துவிடும் என்று சேர்த்த அன்றைக்கே மூன்றையும் மூன்று ஜிப் கவரில் போட்டு, கவர் மேல் பெயர் எழுதி, அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டேன்.

சிஸ்டர் கட்டிலைக் கைகாட்டினார்.

“கண்ணு தெரியல, காது கேக்கல, வாயில பல்லு இல்ல. இப்ப கையையும் கட்டியாச்சு. அந்த எடத்துல நீங்க இருந்தா என்னா சார் பண்ணுவீங்க?”

நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், மூன்று கவர்களையும் எடுத்து வந்தேன். கண்ணாடி, மிஷின் மட்டும் காரணம் இல்லை. சிறுநீரில் தொற்று இருந்தது, மலச்சிக்கல் இருந்தது, இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. டாக்டர் அதற்கெல்லாம் வழி செய்தார். நான்காம் நாள் மாமா தெளிந்தார். ஒரு மாதத்தில் வாக்கர் இல்லாமல் நடந்தார்.

ஆனால் தெளிந்தவருக்கு எல்லாம் மறந்துவிடும் என்று நினைத்திருந்தோம். மறக்கவில்லை. வால்வு வால்வு என்று கத்தியது நினைவில் இல்லை. கட்டியது மட்டும் நினைவிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டினோம் என்று நாங்களும் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. புராஸ்டேட் வீக்கம். டியூப் போட்டு அனுப்பினார்கள். மாத்திரையில் சரியாகவில்லை, ஆபரேஷன் செய்தால்தான் டியூபை எடுக்க முடியும் என்றார் டாக்டர். மாமா முடியாது என்றார். டியூபோடு இருந்தால் மறுபடி மறுபடி தொற்று வரும், கிட்னி கெடும் என்று விளக்கினார்கள். முடியாது என்றார். வலிக்குப் பயமா, செலவுக்கு யோசனையா என்று நாங்கள் என்னென்னவோ கேட்டோம். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

“செத்தா சாவறன் மாப்ள. மறுபடியும் கையைக் கட்டி ஊர் பாக்க வெக்காதீங்க.”

சுமதி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

“கட்ட மாட்டோம்பா. நான் இருக்கறன்ல.”

“போன தடவையும் நீ இருந்தம்மா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம். அவர் தகவல்போலச் சொன்னார்.

ஆக, பிரச்னை ஆபரேஷன் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மூன்று நாட்கள். அந்த மூன்று நாட்களில் மனுஷன் குழம்பாமல் இருக்க வேண்டும். குழம்பினாலும் கட்டாமல் சமாளிக்க வேண்டும். முடியும் என்று காட்டினால்தான் அவர் சரி என்பார்.

நான் செல்வராணி சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். இப்போது அவர் அந்த வார்டுக்கே பொறுப்பு. விஷயத்தைச் சொல்லி, நான் தயாரித்துக் கொண்டுபோன சார்ட்டை நீட்டினேன். பதினொரு கட்டம். மணிக்கு ஒரு வரி. தண்ணீர் எத்தனை மில்லி, தூக்கம் எத்தனை நிமிடம், கண்ணாடி, காது மிஷின், பல் செட், பேச்சு, நடை, மலம், வலி, வெளிச்சம், சத்தம்.

அவர் படித்தார். சிரித்தார்.

“இதை ரொப்பறதுக்கே தனியா ஒரு ஆள் போடணும் சார். நீங்க இதைப் பாத்துக்கிட்டு இருந்தா அவரை யாரு பாக்கறது?”

என் சிவப்புப் பேனாவையே வாங்கி ஆறு கட்டங்களை அடித்து, கண்ணாடியையும் மிஷினையும் ஒரே கட்டமாக்கினார். மிஞ்சியது நான்கு. கண்ணாடி–மிஷின், தண்ணீர், நடை, தூக்கம். எனக்கு வருத்தம்தான். கோடெல்லாம் நேராக வந்திருந்தது.

ஆனால் அவர் அன்று சொன்னவை முக்கியமானவை. உங்கள் வீட்டிலும் வயதானவர் இருப்பார், அதனால் எழுதுகிறேன். பகலில் கட்டிலிலேயே கிடக்க விடக்கூடாது. டாக்டர் சரி என்றதும் உட்கார வைத்துச் சாப்பாடு, பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடை. விளக்கை அணைத்தபின் ரத்த அழுத்தம் ஒரு முறை, மாத்திரை ஒரு முறை, டெம்பரேச்சர் ஒரு முறை என்று தனித்தனியாக எழுப்பாமல் ஒரே தடவையில் முடித்துக்கொள்ளப் பார்ப்பதாகச் சொன்னார். ஜன்னல் ஓரக் கட்டில் தருவதாகச் சொன்னார். பகலா இரவா என்று தெரியாமல் ட்யூப் லைட்டிலேயே கிடந்தால் நமக்கே நாள் தவறும் அல்லவா? ஒரு சுவர்க் கடிகாரத்தையும் தினசரி காலண்டரையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். கூட இருப்பவர் மாறிக்கொண்டே இருக்கக்கூடாது.

பிறகு, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். எல்லாம் என்றால் எல்லாம். டாக்டர் எழுதாததும்.

அதில்தான் ஒன்று கிடைத்தது. மாமா இரண்டு வருடமாகச் சளிக்கு என்று மெடிக்கல் கடையில் தானே கேட்டு வாங்கி, படுக்கப்போகும்போது ஒரு மாத்திரை போட்டு வந்திருக்கிறார். நல்லாத் தூக்கம் வருது என்பது அவர் கணக்கு. டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வயதானவர்களுக்கு மூளைக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் இந்த வகை மாத்திரைகள் கிளப்பிவிடும் என்று சொல்லி அன்றோடு நிறுத்தினார். நான் அவருடைய மாத்திரைகளுக்குத் தனி நோட்டே வைத்திருக்கிறேன். அதில் இந்த மாத்திரை இல்லை. சட்டைப் பையில் இருந்ததை நோட்டு எப்படி அறியும்?

கடைசியாகத்தான் சிஸ்டர் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசினார். வருகிறவர்களைப் பரீட்சை வைக்க விடாதீர்கள், அவர்களே பேர் சொல்லட்டும் என்றார்.

இதையெல்லாம் மாமாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சிஸ்டரே போனில் பேசினார். எங்களால் ஆன எல்லாம் செய்வோம், கட்டுவது கடைசிக்கும் கடைசி என்றார். மாமா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அரை மனது.

ஆபரேஷன் திங்கட்கிழமை. முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். சாயங்காலம் தெளிவாக இருந்தார். செவ்வாய்க்கிழமையும் தெளிவு. நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். காலண்டர் தாளைத் தானே கிழித்தார்.

செவ்வாய் மதியம்தான் சித்தப்பா வந்தார். முனுசாமி, மாமாவின் கூடப் பிறந்த தம்பி, பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருப்பவர். கையில் ஆரஞ்சுப் பழப் பை. கட்டில் ஓரத்தில் வந்து நின்றார். குனிந்தார்.

“அண்ணா, நான் யாருன்னு...”

சுமதி அவர் கையைத் தொட்டு, தாளைக் காட்டினாள். சித்தப்பா நின்று நிதானமாகப் படித்தார்.

“எங்கண்ணன்கிட்ட நான் பேரு, ஊரு சொல்லணுமா? இது என்னா ரேஷன் கடையா?”

“உக்காரு முனுசாமி,” என்றார் மாமா. “பென்னாகரத்துல மழை பேஞ்சுதா?”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். பாத்தீங்களா, அவருக்கு எல்லாம் தெரியுது, உங்களுக்குத்தான் தெரியலை என்றார். மழையைப் பற்றி அண்ணனிடம் பத்து நிமிடம் பேசினார். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் நியாயம் எனக்குப் புரிகிறது. அவருக்கு வேண்டியது அண்ணன் வாயால் தன் பெயர். அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்தார். யோசித்துப் பார்த்தால், நாம் எல்லோரும் அதற்குத்தான் போகிறோம். படுத்திருப்பவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க அல்ல... அவர் நினைவில் நாம் இன்னும் இருக்கிறோமா என்று பார்க்க. பரீட்சை அவருக்கு, மார்க் நமக்கு. சித்தப்பாவுக்குப் போன் செய்து இதைச் சொல்ல வேண்டும். அவர் எடுத்தால்.

புதன்கிழமை காலை, ரத்தம் கட்டாமல் சிறுநீர்ப்பையைக் கழுவ டியூப் வழியாக விட்டுக்கொண்டிருந்த நீரை நிறுத்தினார்கள். யூரின் பையோடு வராந்தா வரை நடந்தார். என் சார்ட்டில் நான்கு கட்டத்திலும் டிக். மதியம் அசதியாக இருக்கிறது என்று கொஞ்சம் படுத்தார். தூங்கிப்போனார்.

அந்த நேரம் பார்த்து மூச்சுத் திணறலோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் ஓரம்தான் ஆக்சிஜன் இணைப்பு உண்டு. மாமாவின் கட்டிலை, தூங்குகிறவரோடு அப்படியே தள்ளி, உள்பக்க அறைக்கு மாற்றினார்கள். வேறு வழியில்லை. நானே ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன். பை, ஃபிளாஸ்க், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் எண்ணி எடுத்து வந்தேன்.

ஐந்தரை மணிக்கு விழித்தார்.

இடது பக்கம் இருந்த கதவு வலது பக்கம் இருந்தது. ஜன்னல் இல்லை. கடிகாரம் பழைய சுவரில். எழுந்து உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். யார் வூட்டுல கொண்டாந்து வெச்சிருக்கறீங்க என்று கேட்டார். சுமதி பேசப் பேச அவர் குரல் ஏறியது. கை கீழே போனது. டியூபைப் பிடித்துவிட்டார்.

இது விளையாட்டு இல்லை. உள்ளே பலூன் வைத்து நிறுத்தியிருக்கும் டியூப். ஆபரேஷன் செய்த மூன்றாம் நாள் அதைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. டியூட்டி நர்ஸ், புதிதாகச் சேர்ந்த பெண், ஓடிவந்தார். அவர் கையில் பேண்டேஜ் சுருள் இருந்தது.

சுமதி அப்பாவின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

“அது வேணாம்மா. நானே பிடிச்சுக்கறன். எவ்வளவு நேரம் ஆனாலும் பிடிச்சுக்கறன்.”

பிடித்துக்கொண்டாள். அவர் உதறினார், இவள் விடவில்லை. இறுக்கவும் இல்லை. உதறும் பக்கமெல்லாம் கூடவே போனாள். செல்வராணி சிஸ்டர் வந்தார். முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சூடு பார்த்தார். எல்லாம் சரி. பிறகு என்னைப் பார்த்தார்.

“கண்ணாடி எங்க சார்?”

நான் சார்ட்டைப் பார்த்தேன். சார்ட்டில் டிக் இருந்தது. முகத்தில் கண்ணாடி இல்லை.

படுக்கும்போது கழற்றியவர், கண்ணாடியையும் காது மிஷினையும் பழைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். தட்டு, டம்ளரை எண்ணிய நான் டிராயரைத் திறக்கவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்தேன். சுமதி அவர் கையை விடாமலே இருக்க, சிஸ்டர் மிஷினை மாட்டினார், நான் கண்ணாடியை மாட்டினேன்.

“அப்பா, நான் சுமதி. தருமபுரி ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிஞ்சுது. இப்பதான் ரூமை மாத்தினாங்க.”

அவர் கேட்டார். இந்த முறை காதில் விழுந்தது. ஆனால் நம்பவில்லை. சிஸ்டர், நடத்திக் கூட்டிப்போகலாம் என்றார். சுமதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சிஸ்டர் கையில் யூரின் பை. வராந்தாவின் கோடியில் ஒரு ஜன்னல் உண்டு. கீழே பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் சாலை. இன்னும் வெளிச்சம் இருந்தது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பஸ் போனது. மூன்றாவது பஸ் திரும்பியபோது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போர்டைப் படித்தார்.

“மாரண்டஹள்ளி. இது அஞ்சேமுக்கால் வண்டி. இன்னிக்கு லேட்டு.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து. லேட்டுதான்.

கூட்டிவந்து படுக்க வைத்தோம். முழுதாகத் தெளியவில்லை. அவ்வப்போது ஏதோ சொன்னார். சுமதி ஒவ்வொரு முறையும் தன் பெயரையும் ஊரையும் சொன்னாள். அலுக்காமல் சொன்னாள். எட்டு மணி வாக்கில் தூங்கினார்.

என்னதான் திட்டம் போட்டாலும் இப்படி ஒரு சாயங்காலம் வரும். அன்று நான் கற்றுக்கொண்டது அதுதான். கட்டிலை மாற்றினால் என்ன செய்வது என்று என் சார்ட்டில் வரி இல்லை. பதினொரு கட்டம் இருந்த பழைய சார்ட்டிலும் இல்லை. இப்போது எழுதிச் சேர்த்திருக்கிறேன். அந்த சார்ட்டை செல்வராணி சிஸ்டர் நகல் எடுத்து வார்டில் வைத்திருக்கிறார். நான்கு கட்டம், கீழே ஒரே ஒரு வரி... ‘இடம் மாற்றினால் எழுப்பிச் சொல்லி மாற்றவும். டிராயரைத் திறந்து பார்க்கவும்.’

வியாழன் காலை ஆறே காலுக்கு மாமா விழித்தார். கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டினார். முகம் தெளிவாக இருந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்று சாயங்காலம் ஏதோ நடந்தது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்ன நடந்தது என்று தெரியவில்லை.

“நேத்து கட்டினீங்களா?”

“இல்லப்பா,” என்றாள் சுமதி.

அவர் இரண்டு கைகளையும் போர்வைக்கு வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் நீட்டினார். வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது. போன தடவை துணி அறுத்த தடம் நான்கு நாள் சிவப்பாக இருந்தது என்று சுமதி பிறகு சொன்னாள். நான் கவனித்ததில்லை, டைரியிலும் இல்லை. விரலால் தடவிக்கூடப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“டீ சொல்லுங்க மாப்ள,” என்றார். “சக்கரை கம்மியா.”

மகள் வார்த்தையை நம்பவில்லை. மணிக்கட்டைத்தான் நம்பினார். எனக்கு அதில் வருத்தமில்லை... போன தடவை மணிக்கட்டு மட்டும்தான் அவரிடம் உண்மை பேசியது.